டப்பா குலுக்கிய மாணவர்கள் எங்கே?

*கொடிநாள் உண்டியல், காசநோய் வில்லை, விளம்பரம் பிடித்து அச்சிட்ட விழா மலர்… மாணவர்கள் கைநீட்டித் திரட்டிய நிதி மரபு தமிழகத்தில் மங்கிவிட்டது. உதவி மட்டும் இன்னும் மலையேறிக்கொண்டுதான் இருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பார்வை.*

ஜவ்வாது மலைக்கு ஆண்டுக்கு இரண்டு சீசன். ஒன்று பலாப்பழ சீசன். இன்னொன்று கேம்ப் சீசன்.

பருவத்தேர்வு முடிந்த கையோடு போளூர் பக்கமிருந்தும் ஆலங்காயம் பக்கமிருந்தும் கல்லூரிப் பேருந்துகள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கும். முகப்பில் ‘நாட்டு நலப்பணித் திட்டம் – ஏழு நாள் சிறப்பு முகாம்’ என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கும். உள்ளே நோட்டுப் புத்தகக் கட்டுகள், பேனா பெட்டிகள், பழைய துணி மூட்டைகள், மரக்கன்றுகள். பள்ளி வராண்டாவில் படுக்கை, மரத்தடியில் சமையல், பகலில் புதர் வெட்டுதல், மாலையில் விழிப்புணர்வு நாடகம், ஒருநாள் கண் பரிசோதனை முகாம். ஏழாம் நாள் நிறைவு விழா, சால்வை, குரூப் போட்டோ. பேருந்து இறங்கிவிடும்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்த மலையில் பெரும்பாலும் வசிப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். சாமை, பலா, புளி, தேன் இவர்களின் வாழ்வாதாரம். கீழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு மிக அருகில் இருக்கும் பழங்குடிப் பகுதி என்பதால், ஜமுனாமரத்தூரும் புதூர்நாடும் பல தலைமுறை மாணவர்களுக்கு அறிமுகமான பெயர்கள்.

அந்த நோட்டுப் புத்தகக் கட்டை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது?

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், பேருந்தில் இருந்த பாதிப் பேராவது ‘நாங்க வசூல் பண்ணது’ என்று சொல்லியிருப்பார்கள். எந்தக் கடைக்காரர் முகம் சுளித்தார், எவர் கேட்டதற்கு மேல் கொடுத்தார் என்ற கதையும் கூடவே வந்திருக்கும். இன்று அதே கேள்விக்கு வரும் பதில் வேறு: ‘காலேஜ்ல கொடுத்தாங்க’, ‘ஸ்பான்சர் சார்’, ‘சி.எஸ்.ஆர்.’ கொடுக்கும் பணம் குறையவில்லை. போய்க் கேட்கிற ஆள் மட்டும் மாறிவிட்டார்.

துளை போட்ட தகர டப்பா

ஒரு தலைமுறைக்கு முந்தைய தமிழகப் பள்ளியில் நிதி திரட்டுவதற்கென்றே ஒரு காலண்டர் இருந்தது.

அக்டோபர் 2-ல் காசநோய் வில்லை. அஞ்சல்தலை அளவில், ஓரத்தில் பல் பல்லாகத் துளையிட்ட தாள்களை வகுப்பாசிரியர் எண்ணிக் கொடுப்பார். கிழித்து விற்ற மிச்சமும் காசும் கணக்கு பிசகாமல் திரும்பி வர வேண்டும். டென்மார்க்கில் ஐனார் ஹோல்பெல் என்ற அஞ்சல் ஊழியர், கிறிஸ்துமஸ் கடிதங்களில் கூடுதலாக ஒரு வில்லை ஒட்டி நோயாளிக் குழந்தைகளுக்கு உதவலாம் என்று யோசித்தார். 1904-ல் அது அச்சாயிற்று. அந்த யோசனை உலகைச் சுற்றி இந்தியக் காசநோய்ச் சங்கத்தின் வழியே 1950-ல் நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது.

டிசம்பர் 7-ல் படைவீரர் கொடிநாள். 1949 முதல் நாடெங்கும் கடைப்பிடிக்கப்படும் நாள். மேல்மூடியில் நீளவாக்கில் துளை போட்ட தகர டப்பா, வாய் திறக்க முடியாதபடி ஒட்டிய காகிதச் சீல், ஒரு பெட்டி குண்டூசி, மூவண்ணக் காகிதக் கொடிகள். இருவர் இருவராக அனுப்புவார்கள். ஒருவர் டப்பாவைக் குலுக்க, இன்னொருவர் சட்டையில் கொடி குத்துவார். கொடி குத்தியபின் எவரும் காசு போடாமல் நகர முடியாது என்பது எட்டாம் வகுப்பிலேயே தெரிந்துவிடும் வியாபார நுட்பம்.

சாரண சாரணியருக்கு ‘கரி கமாய்’ இருந்தது. யாரிடமும் சும்மா வாங்காமல், சைக்கிள் துடைத்தோ தோட்டம் கொத்தியோ சம்பாதித்துச் சேர்க்கும் பணம். ஜூனியர் ரெட்கிராஸ் இருந்தது. இன்டராக்ட் சங்கங்களும் இருந்தன. உலகின் முதல் இன்டராக்ட் சங்கம் 1962 நவம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தொடங்கியது. அதற்கு அடுத்த சங்கம் அமைந்த ஊர் நம் தஞ்சாவூர்.

பின்னர் ஹெல்ப்பேஜ் இந்தியாவின் படிவம் வந்தது. முதியோர் நலனுக்காக 1978-ல் உருவான இந்த அமைப்பின் விதையே மாணவர் வசூல்தான். சாம்சன் டேனியல் என்பவர் டெல்லிப் பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டி நடத்திய நிதி நடைப்பயணத்தின் வெற்றிதான், இந்தியாவில் இப்படியொரு அமைப்பு தாக்குப்பிடிக்கும் என்ற நம்பிக்கையைத் தந்தது. படிவத்தில் பெயர், தொகை, கையெழுத்து என்று மூன்று கட்டங்கள். மேல் வீட்டுக்காரர் பத்து ரூபாய் எழுதியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து எழுதக் கூச்சப்படுவார். எனவே தாராளமான மாமா வீட்டில் இருந்தே முதல் வரியைத் தொடங்குவது பிள்ளைகளின் ராஜதந்திரம்.

பின் அட்டை யாருக்கு?

பள்ளிக்கு டப்பா என்றால் கல்லூரிக்கு மலர். விடுதி நாள் மலர், தமிழ் மன்ற மலர், நல நிதிக் கலைவிழா மலர் என்று பெயர் மாறும். அடிப்படை ஒன்றுதான். மெல்லிசையோ நாடகமோ நடத்து, டிக்கெட் விற்று அரங்கச் செலவை எடு, மலரில் விளம்பரம் பிடித்து மிச்சம் காட்டு, மிச்சத்தை ஒரு நல்ல காரியத்துக்குக் கொடு. வீரபாண்டிய கட்டபொம்மன் நாடகத்தைப் பள்ளி, கல்லூரிகளின் கட்டட நிதிக்காக ஊர் ஊராக நடத்திக் கொடுத்த சிவாஜி கணேசனைப் போன்ற கலைஞர்கள் இருந்த காலத்தில், இந்த ஏற்பாடு ஊர்த் திருவிழா அளவுக்குக் களைகட்டியது.

மலரின் பொருளாதாரம் அட்டையில் தொடங்கும். பின் அட்டைதான் விலை கூடிய இடம். அதற்கு ஊரின் பெரிய நகைக்கடை அல்லது ஜவுளிக்கடை. உள் அட்டை இரண்டும் அடுத்த தட்டுக்கு. பிறகு முழுப் பக்கம், அரைப் பக்கம், கால் பக்கம். ஜவ்வாது மலையைச் சுற்றிய ஊர்களின் தொழில் வரைபடத்தையே அந்தப் பக்கங்களில் பார்க்கலாம்: ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் ஆலைகள், போளூர், ஆரணி அரிசி ஆலைகள், பீடிக் கம்பெனிகள், புளி மண்டிகள். கால் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கும் டுடோரியலுக்கும். எதுவும் விற்க இல்லாதவர்கூட ‘நல்வாழ்த்துகளுடன்’ என்று ஒற்றை வரி போட்டுப் பெயர் பதித்துக்கொள்வார்.

விளம்பரம் பிடிக்கப் போன மாணவர் கையில் கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகமும் போன வருட மலரின் பிரதி ஒன்றும் இருக்கும். முதலாளி சாப்பிட்டு வரும்வரை கல்லாப் பக்கத்து ஸ்டூலில் காத்திருப்பார். ‘போன வருசமே புத்தகம் கொண்டுவந்து தரலையே’ என்ற வசவை வாங்கிக்கொள்வார். ‘பிளாக்’ வாங்கி அச்சகத்தில் சேர்ப்பது, புரூப் காட்டிக் கையெழுத்து வாங்குவது, மலர் வந்ததும் பிரதியோடு போய்ப் பாக்கியை வசூலிப்பது எல்லாம் அவர் பாடு. கதையும் கவிதையும் நடுப்பக்கங்களில் இடம் நிரப்பும். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வரவு–செலவு அச்சாகும். தணிக்கை செய்தவர் ஒரு வணிகவியல் பேராசிரியராக இருப்பார்.

மலர் படிக்கப்பட்டதோ இல்லையோ, அந்தக் கடைசிப் பக்கம் படிக்கப்பட்டது. பணம் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் அதே ஊரில், அதே தெருவில் இருந்தார்கள்.

சிரிப்பை விற்ற பிரிட்டன்

மாணவர் கைவண்ணத்தில் நிதி திரட்டும் இதழுக்கு உலகப் புகழ் வாங்கித் தந்தவர்கள் பிரிட்டிஷ் பல்கலைக்கழக மாணவர்கள். ஆண்டுக்கு ஒரு வாரம் ‘ராக்’ கொண்டாட்டம். மாறுவேட ஊர்வலம், தெருவில் டப்பா குலுக்கல், கூடவே மாணவர்களே எழுதி அச்சிட்ட நகைச்சுவை மலர். ஷெஃபீல்டின் ‘ட்விக்கர்’, கிளாஸ்கோவின் ‘இகோரா’ போன்றவை ஊருக்கே தெரிந்த பெயர்கள். 1948-ல் தேசிய சுகாதாரச் சேவை வரும்வரை அங்கே பல மருத்துவமனைகள் நன்கொடையில் ஓடின. மாணவர்கள் குலுக்கிய டப்பாவுக்கு உள்ளூர் ஆஸ்பத்திரியோடு நேரடித் தொடர்பு இருந்தது.

ஆஸ்பத்திரிச் செலவை அரசு ஏற்றபின்னும் மலர் நீடித்தது. அதன் சரக்கு சிக்கலாயிற்று. பெண்களையும் சிறுபான்மையினரையும் கேலி செய்யும் நகைச்சுவைக்கு மாணவர் சங்கங்களே எதிர்ப்புத் தெரிவித்தன. விளம்பரதாரர்கள் ஒதுங்கினார்கள். பல பல்கலைக்கழகங்களில் மலர் நின்றது. ‘ராக்’ மட்டும் மலையேற்றம், மாரத்தான், ஸ்பான்சர் பயணம் என்று உருமாறி உயிர் பிழைத்தது.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் ‘சாக்ஸ் அப்பீல்’ என்ற மலரை மாணவர்கள் விடிகாலையில் சாலைச் சந்திப்புகளில் நின்று கார்க்காரர்களிடம் விற்பார்கள். லாபம் ஷாக்கோ என்ற மாணவர் நல அமைப்புக்குப் போகும். 1943-ல் ஒரு மருத்துவ மாணவர் தொடங்கிய அமைப்பு அது. ஏழைக் குடியிருப்புகளில் கிளினிக்குகள் நடத்துகிறது. மலரின் 2009 இதழில் மத உணர்வைப் புண்படுத்தும் பகுதிகள் இருந்ததாகப் புயல் கிளம்ப, துணைவேந்தரே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. பிரிட்டனில் சாரணர்கள் நம் கரி கமாய் போல வேலை செய்து நிதி சேர்த்த ‘பாப்-எ-ஜாப்’ வாரம் 1949-ல் தொடங்கி, சிறுவர்களை முன்பின் தெரியாத வீடுகளுக்கு அனுப்பும் பயத்தால் 1990-களில் கைவிடப்பட்டது.

ஆக, மரபு மங்கியது தமிழகத்தில் மட்டும் நடந்த சங்கதி இல்லை. இங்கே அது மங்கிய காரணங்கள்தான் வேறு.

வேலூரைக் கட்டிய ஒற்றை டாலர்கள்

ஜவ்வாது மலைக்காரர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் இறங்கிப் போகும் ஊர்களில் வேலூர் முக்கியமானது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.), தன் சமூக நலப் பிரிவின் மூலம் மலைக்குள்ளும் மருத்துவப் பணி செய்கிறது. கையேந்திக் கட்டப்பட்ட நிறுவனங்களுக்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு தமிழகத்தில் குறைவு.

அதன் நிறுவனர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். மறைந்த மனைவியின் நினைவாக ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் கொடுத்த 10,000 டாலரில் 1902-ல் மருத்துவமனை எழுந்தது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதை நிலைநிறுத்தப் பெரும் பணம் தேவைப்பட்டபோது அமெரிக்காவில் லூசி பீபாடி தலைமையில் ஓர் இயக்கம் நடந்தது. வேலூர் மருத்துவப் பள்ளி, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி உட்பட ஆசியாவின் 7 மகளிர் கல்வி நிறுவனங்களுக்கான நிதி அது. 20 லட்சம் டாலரைப் பொதுமக்களிடம் திரட்டினால் 10 லட்சம் தருவதாக ராக்ஃபெல்லர் குடும்ப அறக்கட்டளை நிபந்தனை வைத்தது. பெண்கள் ஆளுக்கு ஒரு டாலர் என்று கேட்டுக் கேட்டே 1923 தொடக்கத்தில் இலக்கை எட்டினார்கள்.

கோடீஸ்வரரின் 10 லட்சத்தை அசைக்க ஆயிரக்கணக்கானோரின் ஒற்றை டாலர் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய ஏற்பாட்டில் அந்த ஒற்றை டாலருக்கு வேலையே இல்லை.

எப்படி நின்றுபோனது?

முதல் அடி, கட்டாயம். விருப்பத்தில் தொடங்கிய வசூல் பல பள்ளிகளில் ‘தலைக்கு இவ்வளவு’ என்ற இலக்காக மாறியது. விற்காத வில்லைக்கு அப்பா காசு கொடுத்தார். கொடிகள் வீட்டு மேஜையில் கிடந்தன. சில இடங்களில் கட்டணத்தோடு சேர்த்தே பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை தெருவில் இறங்கவே வேண்டியதில்லை என்றானபின் வசூல் இருந்தது, மரபு இல்லை.

இரண்டாவது, சந்தேகம். போலி ரசீது, போலி டப்பா, இல்லாத ஆசிரமத்துக்கு வசூல் என்று செய்திகள் வர வர, உண்மையான மாணவரும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டார். பிள்ளைகளைத் தெரியாத வீட்டுக் கதவைத் தட்ட அனுப்பப் பெற்றோரும் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, அச்சு. தெருமுனை அச்சகத்தில் எழுத்துக் கோத்த காலம் போய் ஆஃப்செட் வந்தபின் மலர் பளபளப்பானது; செலவும் ஏறியது. அதே நேரத்தில் கடைக்காரருக்கு ஃப்ளெக்ஸும் உள்ளூர் கேபிள் டி.வி.யும் பிறகு ஃபேஸ்புக்கும் கிடைத்தன. கால் பக்க விளம்பரத்தின் தேவை தீர்ந்தது. பல கல்லூரிகளில் ஆண்டு மலர் இன்று பி.டி.எஃப். கோப்பு. செலவு நிர்வாகத்துடையது, கடைசிப் பக்கத்தில் கணக்கும் இல்லை.

நான்காவது, சட்டமும் பெரும் பணமும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும் என்றது. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், வரிச் சலுகை பெறும் ரொக்க நன்கொடையின் வரம்பை 10,000 ரூபாயிலிருந்து 2,000 ஆகக் குறைத்தது. இரண்டுக்கும் நல்ல நோக்கங்கள் உண்டு. ஆனால் ஒரு நிறுவனத்தின் ஒரே காசோலையில் முடியும் வேலைக்கு முந்நூறு கடை ஏறி இறங்க எந்த முகாம் அலுவலர் மாணவர்களை அனுப்புவார்?

கடைசியாக, நேரம். பருவத்தேர்வு, இன்டர்னல், அசைன்மென்ட், நீட், ஜே.இ.இ., கேம்பஸ் இன்டர்வியூ என்று மாணவரின் ஆண்டு முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. நாட்டு நலப்பணித் திட்டத்தில்கூட ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று கணக்கு உண்டு. கடைக்காரர் சாப்பிட்டு வரும்வரை ஸ்டூலில் காத்திருக்கும் நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

இளைஞர்கள் மாறவில்லை

இதை வைத்து ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறை இல்லை’ என்று எழுதினால் அது பொய். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டியபோதும் லாரி லாரியாகப் பொருள் திரட்டி ஏற்றியவர்களில் மாணவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். 2006-ல் சென்னையில் இளைஞர்கள் தொடங்கிய ‘பூமி’ இன்று நாட்டின் பெரிய தன்னார்வ அமைப்புகளில் ஒன்று. மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் ஒரு குழந்தையின் அறுவைச் சிகிச்சைக்கு ஓர் இரவில் லட்சங்கள் சேர்கின்றன. 2016-ல் யு.பி.ஐ. வந்தபின் பத்து ரூபாய் கொடுக்கக்கூடச் சில்லறை தேட வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளுக்கென்றே 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல், நம்ம ஊருப் பள்ளி’ திட்டமும் இணையதளத்தோடு வந்துவிட்டது.

தொகையில் பழைய டப்பாவும் மலரும் இவற்றின் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் மலருக்கு விளம்பரம் பிடித்த மாணவர் மூன்று வேலைகள் செய்தார். யாருக்காக என்று முடிவெடுத்தார், முகத்துக்கு நேராகக் கேட்டார், கணக்குக் காட்டினார். இன்றைய மாணவருக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் விநியோக வேலை. வேறு யாரோ வாங்கிய பொருளை வேறு யாரோ தேர்ந்தெடுத்த ஊரில் இறக்கிவைப்பது.

மலை என்ன கேட்கிறது?

இதன் விளைவு மலையில்தான் பளிச்சென்று தெரிகிறது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் அல்லேரி மலைக் கிராமம் ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. அப்போது ஒழுங்கான சாலை இல்லை. உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் பாதியில் நிற்க, மலைப்பாதையில் தாய் குழந்தையைச் சுமந்து நடந்தார். அந்தப் படத்தைத் தமிழகமே பார்த்தது. ஜவ்வாது மலைத் தொடரின் பல சிற்றூர்கள் கேட்டுக்கொண்டிருப்பது சாலையும் ஆரம்ப சுகாதார வசதியும் பள்ளிக்கு ஆசிரியரும். வந்துகொண்டிருப்பதோ நோட்டுப் புத்தகம்.

2024 பிப்ரவரியில் இன்னொரு செய்தி. ஜவ்வாது மலைப் பகுதியின் புலியூரைச் சேர்ந்த 23 வயது ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். குழந்தை பிறந்த சில நாள்களிலேயே தேர்வெழுதப் போனவர். ஊர் மேளதாளத்தோடு வரவேற்றது. அந்த வெற்றியில் அவருடைய உழைப்போடு பேசப்பட்டது, தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமை தரும் அரசின் ஏற்பாடு. தானமாக வந்த எதுவும் அந்தக் கதையில் பேசப்படவில்லை.

தவிர, கூட்டாகப் பணம் போட்டுக் காரியம் முடிப்பதை மலைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தமிழக ஊர்களுக்கெல்லாம் பொதுவான தலைக்கட்டு வரி இங்கும் உண்டு. திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கவுண்டர் முன்னிலையில் பேசி முடிப்பார்கள். செலவான பின் கூட்டத்தில் கணக்குச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை ஊர் விடாது. கீழிருந்து வரும் முகாம் மட்டுமே இந்த வழக்கத்துக்கு விதிவிலக்கு. எவ்வளவு திரண்டது, எவ்வளவு செலவானது, ஃப்ளெக்ஸுக்கும் சால்வைக்கும் எவ்வளவு போனது என்று பெற்றுக்கொண்டவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பழைய மலரின் கடைசிப் பக்கம்கூடக் கொடுத்தவர்களுக்குத்தான் அச்சானது, பெற்றவர்களுக்கு அல்ல.

பழைய டப்பாவைத் தூசு தட்டி எடுப்பதால் இது சரியாகப்போவதில்லை. பிள்ளைகளை மீண்டும் தெருத்தெருவாக அனுப்பவும் முடியாது. ஆனால் முடிவும் கணக்கும் மாணவர் கைக்குத் திரும்ப முடியும். ஒரு கல்லூரி ஆண்டுக்கொரு ஊர் மாற்றாமல், நாட்டு நலப்பணித் திட்டம் வலியுறுத்தும் தத்துக் கிராம முறைப்படி ஒரே ஊருக்குத் தொடர்ந்து போகலாம். முகாமுக்கு முன்பே இரண்டு மாணவர்கள் மலையேறித் தேவை என்னவென்று கேட்டு வரலாம். அதைச் சொல்லி நிதி கேட்கும்போது க்யூ.ஆர். கோடும் ரசீதுப் புத்தகத்தின் வேலையைச் செய்யும்.

கேம்ப் சீசனின் நடுவில் ஜனவரி 26 வருகிறது. அன்று மலையின் ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். வரவு–செலவு வாசிப்பது அதன் வழக்கமான அலுவல்களில் ஒன்று. ஊராட்சியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு முகாம் மாணவர்களும் தங்கள் கணக்கை அங்கே வாசிக்கலாம், அடுத்த ஆண்டுக்கு என்ன வேண்டும் என்று அதே இடத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.